குருமனை அடுக்களையின் பதினோரு கதவுகள்

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்கு ஒரு குணம் உண்டு. தெரிந்த வேலையைச் செய்யாது. நன்றாகச் சமைக்கத் தெரிந்த நாற்பது பெண்கள் இருந்தும் அசன விருந்துக்கு வெளியிலிருந்து சமையல்காரரை அழைப்போம். தைக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தும் பாடகர் குழுவின் அங்கியைக் கடையில் கொடுத்துத் தைப்போம். தெரியாத வேலை என்றால் மட்டும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்குவோம். ஒரு வருடம் காளான் வளர்த்தோம், வைக்கோல் அழுகியதுதான் மிச்சம். மறுவருடம் சாக்லேட் செய்தோம். பாளையங்கோட்டை வெயிலில் அது அச்சிலிருந்து வந்த வேகத்தில் தட்டில் படுத்துக்கொண்டது, கரண்டியால் அள்ளித் தின்றோம். அதற்கு அடுத்து வந்ததுதான் பழைய அடுக்களை அலமாரிகளைப் புதுப்பிக்கும் பயிற்சி.

நான் சங்கத்தின் பொருளாளர். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளுக்கு எண் போட்டு, நூல் கட்டி அடுக்கியவள் என்பதால் கிடைத்த பதவி. உண்மையில் நான் பார்த்ததெல்லாம் சாவிகளைத்தான். மண்டபத்துச் சாவி, பாத்திர அறைச் சாவி, ஒலிபெருக்கிப் பெட்டியின் சாவி எல்லாம் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கும். எங்கள் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் பள்ளியை விட்டு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, பள்ளி இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால் ஜெபத்தைக்கூட நிறுத்திவிட்டு அவர்களையே பார்ப்பார். செயலாளர் அவருக்கு வலக்கை. அந்த அம்மாளின் மகனுக்குக் கூடங்குளத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து ஊரில் உள்ள எந்த அடுக்களையும் அவர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை.

அவர்தான் அந்த வீடியோவைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரி ஒருத்தி பழைய அலமாரிக் கதவுகளைக் கழற்றி, தேய்த்து, வார்னிஷ் அடித்து, திரும்ப மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறாள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சங்கமே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கற்றுக்கொள்ள எல்லாருக்கும் ஆசை. ஆனால் பழகிப் பார்க்கச் சொந்த வீட்டு அலமாரியைத் தர ஒருவருக்கும் மனமில்லை. என் அடுக்களையில் சிமென்ட் பலகைதான் என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அது பொய். தேக்குக் கதவு போட்ட அலமாரி ஒன்று என்னிடமும் இருக்கிறது.

ஆக, குருமனை என்று முடிவாயிற்று. குருமனை என்பது போதகர் குடும்பம் குடியிருக்கும் சபையின் வீடு. போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த செப்டம்பரில்தான் எங்கள் ஐயர் இறந்திருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து, அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட முடியவில்லை. வீட்டில் ஐயரம்மாவும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளும்.

ஐயர் போனால் குருமனையும் போயிற்று. ஆனாலும் மேலிடத்தில் இரக்கப்பட்டு, மே மாதம் மாற்றல் போடும்வரை அவர்கள் அங்கேயே இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஐயரம்மா அவ்வளவுகூடக் கேட்கவில்லை. மார்ச்சில் மகளுக்குப் பொதுத்தேர்வு முடியட்டும், முடிந்த மறுநாள் காலி செய்துவிடுகிறோம் என்றுதான் சொன்னார். பள்ளிக்கூடம் குருமனையிலிருந்து நடந்து போகும் தூரம். அந்த வீட்டில் அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஆறு மாதம் மட்டும்தான். சபையில் எல்லாருக்கும் இது தெரியும்.

எங்கள் சங்கத்துக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் அடுத்த ஐயர் யார் என்று மேலிடத்துக்கே தெரியாதபோது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் பெரிய படிப்புப் படித்தவராம். வரப்போகிற ஐயரம்மா கல்லூரிப் பேராசிரியையாம். பச்சை பெயின்ட் உரிந்து தொங்கும் அந்த அடுக்களைக்குள் அவர் எப்படிக் காலை வைப்பார் என்று செயலாளர் நிஜமாகவே கண் கலங்கினார். புருஷன் இறந்து ஆறு வாரமாகியிருந்த ஐயரம்மாவுக்காக அவர் இவ்வளவு கலங்கி நான் பார்க்கவில்லை. இருக்கிற ஐயரம்மாவிடம் கேட்க வேண்டாமா என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கேட்டாகிவிட்டது என்றார் தலைவி. அவர் கேட்கும் விதம் எனக்குத் தெரியும். தலைமையாசிரியை அறைக்குள் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேட்பதற்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு.

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை மத்தியானம் பதினாறு பேர் குருமனைக்குள் நுழைந்தோம். முக்கால் மணி நேரம் ஜெபம், அரை மணி நேரம் தேநீரும் மிக்சரும், மிச்ச நேரத்தில் வேலை. ஐயரம்மாதான் தேநீர் போட்டுத் தந்தார். அலமாரிக்குப் பதினோரு கதவுகள். அந்தக் காலத்துத் தச்சர் கோணல் சுவருக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் இழைத்து இழைத்துப் பொருத்தியிருந்தார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்று விரல்கடை குட்டையாக இருக்கும், இன்னொன்றுக்குக் கீழ்முனை சாய்வாக இருக்கும். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று தெரிய, சட்டத்திலும் கதவிலும் ஒன்று, இரண்டு என்று எண் எழுதிவிடலாம் என்றேன். முப்பது வருடம் நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

தலைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நம்பர் போட இது என்ன ஆபீஸ் பைலா? கதவுக்கு ஒரு வசனமாப் பின்னால எழுதுங்க. வீட்டுக்கும் ஆசீர்வாதம், அடையாளமும் ஆச்சு."

எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பென்சிலுக்கு அடித்துப்பிடித்து, கதவின் பின்பக்கத்தில் வசனம் எழுதினோம். எந்தக் கதவு எந்த இடத்தது என்று ஒருவரும் எங்கும் குறிக்கவில்லை. என் வசனம் எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். நானும் எழுதினேன். மனசுக்குள் கேலி பண்ணிக்கொண்டே, நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

கதவுகளைக் கழற்றியதும் அலமாரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. பதினாறு பேரும் உள்ளே இருப்பதைப் பார்த்தோம். அரிசி டப்பாவில் எவ்வளவு கிடக்கிறது, எந்த எண்ணெய், துக்கத்துக்கு வந்தவர்கள் கொடுத்த பிஸ்கட் பொட்டலங்கள் எத்தனை பிரிக்காமல் இருக்கின்றன என்று எல்லாம் கண்ணில் பட்டது. மூலையில் ஐயரின் மாத்திரை டப்பா அப்படியே இருந்தது. இன்னும் எடுத்துப் போடவில்லையே என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் ஜாடை காட்டினாள். ஐயரம்மா அந்த டப்பாவை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அப்போது உடம்பு கூசியது. அதற்காக வீட்டுக்குப் போய்விடவில்லை. கீலிலிருந்து கழற்றிய திருகாணிகளைத் தயிர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மற்றவர்களோடுதான் போனேன்.

கதவுகள் மண்டபத்துக்குப் போயின. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையில் திருநெல்வேலியில் பிறந்த எந்தப் பெண்ணும் வற்றல்கூடப் போட மாட்டாள். நாங்கள் வார்னிஷ் அடித்தோம். வீடியோவில் அந்த வெள்ளைக்காரி உடனே காய்ந்துவிடும் என்று சொன்னதாகச் செயலாளர் சாதித்தார். ஹார்ட்வேர் கடை அண்ணாச்சி, மழை விட்டதும் வாங்கம்மா என்று வார்னிஷ் டப்பாவையே தர மறுத்தார். அவருக்கு விசுவாசம் போதாது என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனோம். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி தேய்ந்ததுதான் நிஜமாக நடந்த வேலை. பின்பக்கத்தைத் தேய்க்கவே இல்லை, வசனம் அழிந்துவிடும் என்று.

ஞாயிறு பள்ளிக்கு மண்டபம் வேண்டும் என்றார்கள். உடனே, காயாத கதவுகளை நடுநடுவே செய்தித்தாள் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். மறு வியாழன் பிரித்தபோது எல்லாக் கதவிலும் அச்சு ஏறியிருந்தது. ஒரு கதவில் நகைக்கடை விளம்பரம். இன்னொன்றில் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி, மீசையோடு, இடவலமாக. திரும்ப முதலிலிருந்து தேய்த்தோம். டிசம்பரும் வந்துவிட்டது.

இதற்கிடையில் வாரா வாரம் குருமனைக்கும் போனோம். கதவைக் கழற்றிய பிறகு சட்டத்தைத் தேய்க்க வேண்டும் அல்லவா. மரத்தூள் வீடெல்லாம் பறந்தது. தின்னர் வாடை தலையைப் பிளந்தது. அந்தப் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும். கோயிலில் பாடகர் குழு கிறிஸ்மஸ் பாட்டுப் பழக வந்துவிட்டால் ஐயரின் அங்கி தொங்கும் சின்ன அறைக்குள் போகும். எலி வந்து பருப்புப் பையைக் கடித்துவிட்டது என்று ஐயரம்மா, ஐயரின் வெள்ளை வேட்டிகளை இரண்டாகக் கிழித்துக் கயிற்றில் கோத்து அலமாரிக்குத் திரை கட்டியிருந்தார். செயலாளர் அதை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, வேலை நடக்கிற இடம் இவ்வளவு அலங்கோலமாக இருக்கலாமா என்று கேட்டார்.

ஒருநாள் எல்லாரும் போன பிறகு நான் கையோடு கொண்டுவந்திருந்த தயிர் டப்பாவைத் தேடிக்கொண்டு நின்றேன். ஐயரம்மா பக்கத்தில் வந்தார். வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"அக்கா, கதவு இல்லைன்னா பரவாயில்லை, சமாளிச்சுக்கிடுதேன். ஆனா எல்லாரும் வாரா வாரம் வந்து அளந்து பார்த்துட்டுப் போறது, இன்னும் போகலியான்னு கேக்குத மாதிரி இருக்கு. பிள்ளைக்கு மார்ச் முடியட்டும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுதீங்களா? நீங்க சொன்னா டீச்சரம்மா கேப்பாவ."

"நான் பேசுதேன்" என்றேன்.

பேசவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கிறிஸ்மஸ் காலை ஆராதனையில் முதல் வேதபாடம் யார் வாசிப்பது என்று முடிவு செய்பவர் எங்கள் தலைவி. பதினான்கு வருடம் காத்திருந்து அந்த வருடம்தான் என் முறை வருவதாக இருந்தது. அந்த நேரத்தில் அவரிடம் போய் நாம் செய்வது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிறிஸ்மஸ் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். கிறிஸ்மஸ் அன்று கரைப் பட்டு உடுத்தி, மைக்கைச் சரிசெய்து, ஒரு சொல் தடுமாறாமல் வாசித்தேன். முன்வரிசையில் ஐயரம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். வாசித்துவிட்டு இறங்கும்போது ஐயரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

நாங்கள் அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அங்கே போன பதினாறு பேரும் வேதத்தில் கை வைத்து அதைச் சொல்வார்கள். அடுக்களைக் கதவுகளைத்தான் கழற்றினோம்.

ஜனவரி இரண்டாம் வாரம் கதவுகள் காய்ந்தன. மாட்டுவதற்காக ஊர்வலம்போல எடுத்துப் போனோம். முதல் கதவைப் புரட்டிப் பார்த்தால், கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் என்ற மேய்ப்பன் வசனம். இரண்டாவதைப் புரட்டினால் அதுவும் மேய்ப்பன் வசனம். எங்கள் பக்கத்துப் பெண்ணிடம் பென்சிலைக் கொடுத்து அவசரத்தில் ஒரு வசனம் எழுதச் சொன்னால் வேறென்ன எழுதுவாள்? மூன்று வயதில் மனப்பாடம் செய்தது அதுதானே. பதினோரு கதவுகளில் ஏழில் அதேதான். அந்த ஏழில் ஒன்று என்னுடையது. மிச்ச நான்கை எழுதியவர்களுக்கும் வசனம் ஞாபகம் இருந்தது, இடம் ஞாபகம் இல்லை.

ஒன்றை மாட்டினால் இடித்தது. இன்னொன்றை மாட்டினால் விரல் நுழையும் அளவு இடைவெளி. இது என் கதவு என்று இருவர் ஒரே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் கையெழுத்தா இது என்று தலைவி ஒவ்வொருவரையும் பள்ளிக்கூடத்தில் விசாரிப்பதுபோல விசாரித்தார். ஒன்றரை மணி நேரம் போயிற்று. மாட்டிய ஒரே கதவும் திறக்க வரவில்லை. கடைசியில் தலைவி, ஆண்டவரிடம் கேட்போம் என்று கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம்.

கண்ணைத் திறந்தபோது ஐயரம்மா கதவுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வசனத்தை அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு கதவின் விளிம்பையும் உள்ளங்கையால் தடவினார். இது மழைக்கு உப்பும், அடுப்புக்கு மேலே உள்ளது என்றார். இது சிணுங்கும், அரிசிக்கு. இதன் கீழ்முனையில் நான் ஒருநாள் குக்கரைப் போட்டுவிட்டேன், இது ஓரத்துக்கு என்றார். ஆறு வருடம் தினமும் திறந்து மூடிய கை. அவர் எடுத்துக்கொடுக்கக் கொடுக்க, செயலாளர் திருப்புளியால் முடுக்கினார். அரை மணி நேரத்தில் பதினோரு கதவும் தத்தம் இடத்தில் சத்தமில்லாமல் மூடின. தலைவி, ஜெபத்துக்கு உடனே பதில் வந்துவிட்டது என்று எங்களுக்குச் சாட்சி சொன்னார்.

ஐயரம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க சனிக்கிழமை கிளம்புதோம். சீவலப்பேரியில அண்ணன் வீடு இருக்கு. பிள்ளை அங்கன இருந்து டவுன் பஸ்ல வந்துக்கிடும்."

அந்த நேரம் ஒருத்தி, ஒரே ஒருத்தி, மார்ச் வரை இருங்கள் என்று சொல்லியிருந்தால் மற்றப் பதினைந்து பேரும் வெட்கத்திலாவது தலையாட்டியிருப்பார்கள். எங்களை எனக்குத் தெரியும். தலைவி, கர்த்தர் வழி காட்டுவார் என்றார். செயலாளர் ஜன்னல் திரைக்கு அளவெடுக்க நாடாவைத் தேடினார். ஐயரம்மா என்னை ஒருமுறை பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"வண்டி சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை சாமான் ஏற்ற நாங்கள் எல்லாரும் போனோம். இட்லி கட்டிக் கொடுத்தோம். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, கண்ணீர் விட்டு வழியனுப்பினோம். இந்த மாதிரி வேலைக்கு எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐயரம்மா வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். அதுவும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போயிற்று.

புது ஐயர் ஜூன் மாதம்தான் வந்தார். அவர் மனைவி பேராசிரியை இல்லை, கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். நல்ல மனுஷி. அலமாரியைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வார்னிஷ் அடித்துச் சிரமப்பட்டீர்கள் என்று கேட்டார். செயலாளர் மூன்று நாள் சாப்பிடவில்லை. சங்கம் இப்போது மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொள்கிறது.

ஆனால் எனக்கு ஞாபகம் வருவது ஜூன் இல்லை, மார்ச். ஜனவரியிலிருந்து குருமனை பூட்டிக் கிடந்தது. வார்னிஷ் வாடை போகட்டும் என்று வாரம் ஒருமுறை நான் போய் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வரவேண்டும், தலைவியின் உத்தரவு. அப்படிப் போகும்போதுதான் ஒரு காலையில் பாளையங்கோட்டைப் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். சீவலப்பேரி டவுன் பஸ்ஸிலிருந்து கடைசி ஆளாகப் பிதுங்கி இறங்கியது. தாவணி கசங்கி, தலை கலைந்து, கையில் தேர்வு அட்டை. வழியில் பஸ் நின்றுவிட்டதாம், அரை மணி நேரம் தாமதமாம். பரீட்சைக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அப்படியும் என்னைப் பார்த்ததும் நின்றது.

"நல்லா இருக்கீங்களா அத்தை? புது ஐயர் வந்துட்டாவளா?"

வந்திருந்தால் அவர்களை அவசரமாகக் கிளப்பியதற்கு ஒரு நியாயமாவது இருக்கும். அந்தப் பிள்ளை அதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தது என்று எனக்குப் பட்டது. வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, நீ அங்கேயே இருந்து படித்திருக்கலாம், நிதானமாக எழுந்து நடந்தே வந்திருக்கலாம் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"வந்துட்டாவ" என்றேன்.

"அப்பச் சரி அத்தை" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடியது. நான் குருமனைச் சாவியைப் பைக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அது வாசலுக்குள் போகும்வரை நின்றேன்.